கம்பி வருமுன் கேட்க வேண்டிய கேள்வி: கொங்கு விவசாயிகளின் போராட்டம் பினாங்குக்குச் சொல்வது என்ன?

ஜார்ஜ்டவுன் – பினாங்குத் தீவின் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தேவையான மின்சாரத்தின் பெரும்பகுதி பெருநிலத்திலிருந்து கடல் தாண்டித்தான் வருகிறது. 1972-ல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் இன்று கணினிச் சில்லுத் துறையின் உலக மையங்களில் ஒன்று. முத்தியாரா எல்.ஆர்.டி. தடமும் தீவின் தென்கரையில் உருவாகும் சிலிக்கன் தீவும் அடுத்து வரிசையில் நிற்கின்றன. இவை அனைத்துக்கும் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் ஏதோ ஒரு நிலத்தின் வழியாகத்தான் வந்து சேரவேண்டும்.

இது உள்ளூர்த் தேவையோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2022 ஜூன் மாதம் லாவோசில் உற்பத்தியான நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கியது. முதல் கட்டமாக 100 மெகாவாட். தாய்லாந்தையும் மலேசியாவையும் இணைக்கும் நேர்மின் தடம் பினாங்குக்கு வடக்கே, கெடாவின் குரூனில் வந்து இறங்குகிறது. ஆசியான் நாடுகளின் மின் கட்டமைப்புகளை ஒன்றாக இணைக்கும் திட்டம் விரிய விரிய, தீபகற்பத்தின் வடபகுதி மின்சாரம் கடந்து போகும் பாதையாகவே மாறும்.

எனவே புதிய உயர் அழுத்த மின் தடங்கள் வருமா என்பது இனி கேள்வி இல்லை. அவை யாருடைய நிலத்தின் மேல் போகும், அதை யார் முடிவு செய்வார்கள், நிலத்தில் வாழ்பவர்களுக்கு அது எப்போது தெரியவரும் என்பவைதான் கேள்விகள். இவற்றுக்குத் தமிழகத்தின் கொங்கு மண்டலத்தில் ஏற்கெனவே ஒரு விடை கிடைத்திருக்கிறது. அது முழு வெற்றியும் இல்லை, முழுத் தோல்வியும் இல்லை. அதனால்தான் பினாங்குவாசிகள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நிலம் கொங்கில், கம்பி ராய்கரிலிருந்து

மத்திய இந்தியாவின் நிலக்கரி மாநிலங்களில் ஒன்றான சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழகத்தின் புகளூருக்கு மின்சாரம் கொண்டுவர இந்திய மத்திய அரசின் பவர் கிரிட் நிறுவனம் ஒரு தடத்தை அமைத்தது. நீளம் சுமார் 1,765 கிலோமீட்டர். மின்னழுத்தம் 800 கிலோவோல்ட் நேர்மின்சாரம். கடத்தும் திறன் 6,000 மெகாவாட். உலகின் மிக நீண்ட மின் தடங்களில் இதுவும் ஒன்று.

திட்டத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2008-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழகம் கடும் மின்வெட்டைச் சந்தித்தது. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் கோவையின் வார்ப்படத் தொழிலும் அதில் துவண்டு போயின. வடக்கில் உபரியாக இருந்த மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவரப் போதுமான தடம் இல்லை என்பதே அன்றைய பெரிய குறை. காற்றாலை மின்சாரம் அதிகமாகக் கிடைக்கும் மாதங்களில் தெற்கிலிருந்து வடக்கே அனுப்பவும் இதே தடம் பயன்படும்.

ஆனால் அந்தக் கம்பி இறங்கிய இடம் தரிசு நிலம் அல்ல. ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல், கரூர் வட்டாரங்களில் விவசாயிகள் பெரும்பாலும் சில ஏக்கர் நிலம் வைத்திருப்பவர்கள். ஒரு கிணறு, ஆழ்துளைக் குழாய், தென்னந்தோப்பு, நாலு மாடு என்றுதான் அவர்கள் வாழ்க்கை ஓடுகிறது. புகளூருக்கு வந்து சேரும் பெரிய தடம் ஒன்று. அங்கிருந்து அரசூர், எடையர்பாளையம் போன்ற இடங்களுக்குப் பிரியும் 400 கிலோவோல்ட் தடங்கள் வேறு. கேரளத்தின் திருச்சூருக்குப் போகும் தடம் இன்னொன்று. எல்லாம் சேர்ந்து கொங்கு மண்டலத்தின் மேல் ஒரு வலை போல விரிந்தன.

800 கிலோவோல்ட் நேர்மின் தடத்துக்கு 69 மீட்டர் அகலத்தில் வழித்தடம் தேவை. மலேசியாவில் 'ரெந்திஸ்' என்று சொல்லப்படுவதும் இதுதான். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இதைக் கணக்கிட்டால் 6.9 ஹெக்டர், அதாவது சுமார் 17 ஏக்கர். அந்த அகலத்துக்குள் நெல்லோ காய்கறியோ பயிரிடலாம். தென்னை வளர்க்க முடியாது. வீடு கட்ட முடியாது. உயரமான துளையிடும் வண்டியை நிறுத்தி ஆழ்துளைக் கிணறு போட முடியாது. பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும். ஆனால் அந்த நிலத்தை விற்கப் போனால் விலை பாதியாகக் கேட்கப்படும்.

1885-ஆம் ஆண்டின் சட்டம்

விவசாயிகளை அதிகம் கொதிக்க வைத்தது கோபுரம் அல்ல, அது வந்த விதம். பலருக்குத் திட்டம் தெரியவந்தது, அளவைக் கருவியோடு ஆட்கள் வயலில் இறங்கிய நாளில்தான். அனுமதி கேட்கவில்லையே என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்: கேட்கவேண்டிய அவசியமில்லை.

அந்தப் பதில் சட்டப்படி சரியானது. இந்திய மின்சாரச் சட்டம் 2003-ன் 164-ஆம் பிரிவு, தந்திக் கம்பி போடுவதற்காக வெள்ளையர் காலத்தில் 1885-ல் இயற்றப்பட்ட தந்திச் சட்டத்தின் அதிகாரங்களை மின் தடம் அமைப்பவருக்கு வழங்க வழி செய்கிறது. அந்தப் பழைய சட்டத்தின்படி நிலத்தைக் கையகப்படுத்த வேண்டியதில்லை. உரிமை உரிமையாளரிடமே இருக்க, கம்பத்தை நட்டு, கம்பியை இழுத்துக்கொள்ளலாம். கூடியவரை குறைந்த சேதம் செய்யவேண்டும், சேதத்துக்கு இழப்பீடு தரவேண்டும், அவ்வளவுதான். நில உரிமையாளர் தடுத்தால் மாவட்ட ஆட்சியர் உத்தரவிடலாம்.

2016 டிசம்பரில் பவர் கிரிட் நிறுவனம் தொடர்பான ஒரு வழக்கில், இந்த அதிகாரம் பெற்ற நிறுவனத்துக்கு நில உரிமையாளரின் ஒப்புதல் தேவையில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. ஆனால் மின் தடங்களுக்கு மட்டும் அந்தப் பழைய அதிகாரம் தொடரும் என்று அதே சட்டத்தில் விதிவிலக்கு எழுதி வைக்கப்பட்டது.

தந்திக் கம்பத்துக்குத் தேவைப்பட்டது ஒரு சாண் இடம். 69 மீட்டர் அகல வழித்தடத்துக்கும் அதே விதி பொருந்துகிறது என்றால், அங்கே சட்டத்துக்கும் நியாயத்துக்கும் இடையில் இடைவெளி விழுந்துவிட்டது என்றுதான் அர்த்தம். கொங்கு விவசாயிகளின் போராட்டம் அந்த இடைவெளியில்தான் பிறந்தது.

எப்படித் திரண்டார்கள்?

இந்த விவசாயிகளுக்குப் போராட்டம் புதிதல்ல. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டுசெல்ல கெயில் நிறுவனம் குழாய் பதிக்க வந்தபோது, ஏழு மேற்கு மாவட்டங்களில் விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். 2013-ல் அன்றைய தமிழக அரசு, விளைநிலம் வழியாகக் குழாய் போகக்கூடாது என்று நிலைப்பாடு எடுத்தது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. வழக்கில் தோற்றாலும், ஊர் ஊராகத் தொடர்பு வைத்துக்கொள்ளும் பழக்கமும், வரைபடத்தைப் படித்துப் பார்க்கும் பழக்கமும் அவர்களுக்கு அப்போதே வந்துவிட்டன.

மின் கோபுரப் பிரச்சினை வந்தபோது, கட்சி வேறுபாடு உள்ள பல விவசாயச் சங்கங்கள் ஒரு கூட்டு இயக்கமாக இணைந்தன. 2018 டிசம்பரில் மேற்கு மாவட்டங்களில் பல இடங்களில் ஒரே நேரத்தில் காத்திருப்புப் போராட்டமும் உண்ணாவிரதமும் நடந்தன. பெண்கள் பெருமளவில் வந்து அமர்ந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர்கள் வந்து ஆதரவு சொன்னார்கள்.

கோரிக்கைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, கம்பியை வயல் வழியாக மேலே இழுக்காமல், சாலையோரமாகப் புதைவடமாகக் கொண்டுபோக வேண்டும். இரண்டு, கோபுரம் நின்ற இடத்துக்கு மட்டுமல்ல, கம்பி கடக்கும் முழு வழித்தடத்துக்கும் நியாயமான இழப்பீடு வேண்டும். முடிந்தால் ஆண்டு வாடகையாக வேண்டும்.

முதல் கோரிக்கை நிறைவேறவில்லை. தடத்தின் முதல் பகுதி 2020-ல் இயங்கத் தொடங்கியது. புகளூர்–திருச்சூர் தடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2021 பிப்ரவரி 19 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். இரண்டாவது கோரிக்கையின் கதை வேறு.

இழப்பீட்டுக் கணக்கு

2015 அக்டோபரில் இந்திய மின்துறை அமைச்சு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. கோபுரத்தின் நான்கு கால்களுக்கு இடைப்பட்ட நிலத்துக்கு அதன் மதிப்பில் 85 விழுக்காடு. கம்பி கடக்கும் வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு. 2024 ஜூனில் அது மாற்றப்பட்டது. கோபுர அடிக்கு 200 விழுக்காடு, வழித்தடத்துக்கு 30 விழுக்காடு. 2025-ல் நகர்ப்புறங்களுக்கு இன்னும் கூடுதல் விகிதம் அறிவிக்கப்பட்டது.

இதன் பொருளைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு உதவும். ஏக்கர் 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள தோட்டத்தில் கம்பி 200 மீட்டர் நீளத்துக்குக் கடக்கிறது, ஒரு கோபுரமும் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கப்படும் நிலம் ஏறத்தாழ 3.4 ஏக்கர், மதிப்பு 68 லட்சம். கோபுர அடிக்கு 10 சென்ட் போகிறது. பழைய விகிதத்தில் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தொகை சுமார் 11.6 லட்சம். புதிய விகிதத்தில் சுமார் 23.8 லட்சம். அதாவது நில மதிப்பில் 17 விழுக்காடாக இருந்தது 35 விழுக்காடாகிறது. மரங்களுக்கும் பயிருக்குமான இழப்பீடு தனி.

இந்த உயர்வுக்குக் கொங்கு விவசாயிகள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பல மாநிலங்களில் இதே எதிர்ப்பு எழுந்தது. வழித்தடத் தகராறில் திட்டங்கள் தாமதமாவதும் அரசுக்குத் தலைவலியாக இருந்தது. ஆனால் எதிர்ப்பே இல்லாமல் இருந்திருந்தால் விகிதத்தை மாற்றவேண்டிய தேவையும் வந்திருக்காது.

இதில் கசப்பான பகுதி ஒன்று உண்டு. 2024 ஜூனில் அந்த உயர்வு வந்தபோது, ராய்கர்–புகளூர் தடத்தில் மின்சாரம் ஓடத் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. கம்பி போன பிறகு விதி மாறியது. சாலையில் உட்கார்ந்தவர்களின் பலன் அடுத்து வரும் தடங்களின் கீழ் வாழப்போகிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

புதைவடம் முடியாத காரியமா?

"மண்ணுக்கடியில் கொண்டுபோக முடியாதா?" என்பது உலகில் எங்கே மின் கோபுரம் வந்தாலும் மக்கள் கேட்கும் முதல் கேள்வி. இதற்கு இரு தரப்பும் சொல்லும் ஒருவரிப் பதில்கள் இரண்டும் முழு உண்மை இல்லை.

800 கிலோவோல்ட் தடத்தைப் பொறுத்தவரை, அந்த அழுத்தத்தில் நெடுந்தூரம் புதைவடம் போடும் தொழில்நுட்பம் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. அரசுத் தரப்பு சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் அதே புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் தடத்தைப் பாருங்கள். அதன் நீளம் சுமார் 165 கிலோமீட்டர். அதில் 138 கிலோமீட்டர் மேல்கம்பி. கேரளத்துக்குள், வடக்காஞ்சேரியிலிருந்து திருச்சூர் வரை, கடைசி 27 கிலோமீட்டர் புதைவடம். வீடுகள் நெருக்கமாக இருக்கும் அந்தப் பகுதியில் வழித்தடம் கிடைப்பது கடினம் என்பதால், திட்டம் வரையும்போதே அந்த முடிவு எடுக்கப்பட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் வயலின் மேல் போகும் கம்பி அந்தப் பக்கம் மண்ணுக்கடியில் போவதைக் கொங்கு விவசாயிகள் சுட்டிக்காட்டியதில் நியாயம் இருந்தது.

ஜெர்மனியில் வடக்கின் காற்றாலை மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவரும் 'சூட்லிங்க்' தடத்துக்கு எதிராக ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். 2015-ல் அந்நாடு சட்டத்தையே மாற்றி, இத்தகைய நேர்மின் தடங்களுக்குப் புதைவடமே முன்னுரிமை என்றது. ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம் இப்போது மண்ணுக்கடியில் போகிறது. மக்களுக்கு வெற்றிதான். ஆனால் அதற்கு விலையும் உண்டு. 2022-ல் முடியவேண்டிய திட்டம் 2028-க்குத் தள்ளிப்போனது. செலவு பல மடங்கு உயர்ந்தது. அது மின் கட்டணத்தின் வழியாகப் பயனீட்டாளரிடமே வந்து சேர்கிறது.

இந்தியாவிலேயே இன்னொரு பாடமும் உண்டு. அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் பறவை மின்கம்பியில் மோதி இறப்பதைத் தடுக்க, ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் கம்பிகளைப் புதைக்கும்படி 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அதே நீதிமன்றம், பரந்த நிலப்பரப்பு முழுவதும் அதைச் செய்வது நடைமுறையில் கடினம் என்று ஏற்று, உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது இது. எல்லா இடத்திலும் புதைவடம் என்பது நடக்காது. எங்குமே முடியாது என்பதும் பொய். எந்தப் பகுதியில் புதைப்பது, எந்தப் பகுதியில் வளைத்துக்கொண்டு போவது என்பதைத் திட்டம் வரைபடத்தில் இருக்கும்போதுதான் பேச முடியும். கோபுரத்துக்குக் கான்கிரீட் ஊற்றிய பிறகு பேச முடியாது.

உடல்நலம் குறித்த அச்சம்

கம்பிக்குக் கீழே வாழ்ந்தால் புற்றுநோய் வருமா என்ற அச்சம் எல்லாப் போராட்டங்களிலும் எழுகிறது. இதை அலட்சியமாகத் தள்ளுவதும் தவறு, ஊதிப் பெருக்குவதும் தவறு.

வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலத்தை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-ல் 'மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. சராசரியாக 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் காந்தப்புலம் உள்ள வீடுகளில் வளரும் குழந்தைகளிடம் இரத்தப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்பட்டதாகச் சில ஆய்வுகள் சொன்னதே அதற்கு அடிப்படை. காரணம் இதுதான் என்று நிரூபணமாகவில்லை. 2007-ல் இதை மறுபரிசீலனை செய்த உலகச் சுகாதார நிறுவனமும் அதே நிலையில்தான் நின்றது: சந்தேகம் இருக்கிறது, உறுதி இல்லை, செலவு அதிகமில்லாத முன்னெச்சரிக்கை எடுப்பது நல்லது.

ராய்கர்–புகளூர் போன்ற நேர்மின் தடத்தின் காந்தப்புலம் வேறு வகை. பூமியின் இயற்கையான காந்தப்புலம் போல நிலையானது. மாறுமின் தடத்தைப் பற்றிய ஆய்வை அதற்கு அப்படியே பொருத்த முடியாது. மலேசியாவின் 132, 275, 500 கிலோவோல்ட் தடங்கள் மாறுமின் தடங்கள். எனவே இங்கே மக்கள் கேட்கவேண்டியது, "ஆபத்தா இல்லையா?" என்ற பொதுக் கேள்வியை அல்ல. "எங்கள் வீட்டுச் சுவரருகே, பள்ளி வளாகத்தில் காந்தப்புலம் எவ்வளவு இருக்கும்? யார் அளப்பார்கள்? அளவு எங்களுக்குக் கிடைக்குமா?" என்று கேட்கவேண்டும். எண்ணைக் கேட்கும் மக்களை யாராலும் எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.

இங்கே நாம் ஏற்கெனவே கற்றவை

பினாங்கு இந்தியர்களுக்குக் காலம் கடந்த போராட்டம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. குளுகோர் வட்டாரத்தில் மாடு வளர்த்து, தலைமுறைகளாக வாழ்ந்த கம்போங் புவா பாலா மக்கள் நீதிமன்றம் ஏறியபோது நிலம் ஏற்கெனவே கைமாறி முடிந்திருந்தது. உயர் நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றி மேல்முறையீட்டில் பறிபோனது. 2009 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றத்தின் கதவும் மூடியது. செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. பேச்சுவார்த்தையில் ஈரடுக்கு வீடுகள் முன்வைக்கப்பட்டன. ஏற்றவர்களுக்கு அது கிடைத்தது. கிராமம் போனது போனதுதான்.

அதற்கு நேர்மாறான அனுபவமும் இதே மாநிலத்தில் உண்டு. தென்கரையில் மூன்று தீவுகளைக் கடலில் உருவாக்கும் திட்டத்துக்கு 2019-ல் கிடைத்த சுற்றுச்சூழல் ஒப்புதலை எதிர்த்து மீனவர்கள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள். 2021 செப்டம்பரில் அந்த ஒப்புதல் ரத்தானது. பிறகு புதிய அறிக்கை, புதிய ஒப்புதல் என்று திட்டம் மீண்டும் எழுந்தது. ஆனால் மூன்று தீவுகள் என்று தொடங்கியது 2023-ல் ஒரு தீவாகச் சுருங்கியது. மீனவர்கள் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. இருந்தாலும் மண் கொட்டும் முன்பே, ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டதற்கு விளைவு இருந்தது.

சிலாங்கூரின் ராவாங்கில், கம்போங் சுங்கை தெரெந்தாங் மக்கள் உயர் அழுத்த மின் தடத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் நின்றதும் மலேசியர்களுக்குத் தெரியும். அங்கும் வாதம் மின்சாரம் வேண்டாம் என்பதல்ல. ஏன் எங்கள் கூரைக்கு மேல் என்பதுதான்.

சட்டம் எங்கே வாய்ப்புத் தருகிறது?

மலேசியாவில் மின் தடம் அமைப்பதை 1990-ஆம் ஆண்டின் மின் விநியோகச் சட்டம் ஆள்கிறது. உரிமம் பெற்ற நிறுவனம் தனியார் நிலத்தின் மேல் கம்பி இழுக்க அது வழி செய்கிறது. ஆனால் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும். நில உரிமையாளர் குறித்த நாட்களுக்குள் மாவட்ட நில நிர்வாகியிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இழப்பீட்டையும் அவரே மதிப்பிடுவார். அறிவிப்புக் கடிதம் மலாய் மொழியில் வந்து, படிக்காமல் மேசை இழுப்பறையில் கிடந்தால், அந்த நாட்கள் சத்தமில்லாமல் கடந்துவிடும்.

இங்கே இந்தியச் சமூகத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சட்டம் பேசுவது பெரும்பாலும் நில உரிமையாளரிடம். செபராங் பிறையில் பழைய தோட்டத்து வீடுகளிலும், கோயில் நிலத்திலும், வாடகை மனையிலும் வாழ்பவர்களின் பெயரில் 'கிராண்ட்' இருக்காது. கம்பி அவர்கள் தலைக்கு மேல் போகும். அறிவிப்பு வேறொருவர் முகவரிக்குப் போகும். எனவே தனி வீடாக நின்றால் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். குடியிருப்பாளர் சங்கமாக, கோயில் நிர்வாகமாக, கிராமச் சமூக நிர்வாக மன்றத்தின் வழியாக முன்பே எழுத்தில் பதிவு செய்தால்தான் அவர்கள் இருப்பது ஆவணத்தில் வரும்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்ட நகல்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, ஆட்சேபம் கேட்கப்பட வேண்டும். நிலத்தின் எதிர்காலப் பயன்பாடு முதலில் கோடாக விழுவது இந்த வரைபடங்களில்தான். ஆனால் அந்தக் கண்காட்சிகளுக்குப் போய்ப் பார்க்கும் இந்தியர்கள் மிகக் குறைவு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம், சஹாபாட் ஆலாம் மலேசியா போன்ற, இத்தகைய ஆவணங்களைப் படித்துப் பழகிய அமைப்புகள் இதே ஊரில் இயங்குகின்றன. கதவைத் தட்டுவதற்குச் செலவு இல்லை.

புதிய தடம் பற்றிய பேச்சு காதில் விழுந்த முதல் வாரத்திலேயே ஒரு குடியிருப்பு கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து:

1. தடத்தின் அழுத்தம் எவ்வளவு, வழித்தட அகலம் எவ்வளவு?

2. ஆய்வு செய்யப்பட்ட மாற்றுப் பாதைகள் எவை, அவை ஏன் கைவிடப்பட்டன?

3. பள்ளி, கோயில், வீடுகள் நெருங்கும் பகுதியில் மட்டுமாவது புதைவடம் போட எவ்வளவு கூடுதல் செலவு?

4. கிராண்ட் இல்லாத குடும்பங்களுக்கு என்ன ஏற்பாடு?

5. ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் எது?

இந்த ஐந்தில் எதுவும் மின்சாரத்துக்கு எதிரானது அல்ல. கொங்கு விவசாயியும் மின்சாரத்துக்கு எதிரி அல்ல. அவர் கிணற்றில் மோட்டார் ஓடுவதும் அதனால்தான். நாட்டுக்குத் தேவையான கம்பி யார் தோட்டத்தின் மேலாவது போகத்தான் வேண்டும். ஆனால் நன்மை ஊருக்கும் சுமை ஒருவருக்கும் என்றால், அந்த ஒருவரை முன்கூட்டியே கேட்பதும், அவர் இழப்பதற்கு முழு ஈடு கொடுப்பதும் தான் நியாயம்.

கொங்கில் அந்தக் கேள்வி அளவைக் கருவி வயலில் இறங்கிய பிறகு கேட்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகும் தடம் ஓர் அடி நகரவில்லை. இழப்பீட்டு விகிதம் நகர்ந்தது, அதுவும் அவர்களுக்குப் பிந்தியே. பினாங்கில் புதிய வரைபடங்கள் இன்னும் மேசையில்தான் இருக்கின்றன. அவற்றைப் போய்ப் பார்க்க இதுதான் நேரம்.